பிள்ளைக்காம்பரா வாசலில் ஓர் இரும்பு வளையம்

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தின வாரம் எங்கள் தேயிலைத் தோட்டத்து டிஸ்பென்சரிக்கு வெள்ளையடிக்க பலாங்கொடை டவுனிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். அவர்களில் ஒருவர் வாசல் தூணில் முழங்கால் உயரத்தில் பதித்திருந்த இரும்பு வளையத்தைத் தட்டிக் காட்டினார்.

"இது என்னாத்துக்கு ஐயா? ஆடு கட்டவா? புடுங்கிப் போட்டுறட்டுமா?"

"நாய் கட்ட" என்றேன்.

"டிஸ்பென்சரியிலயா?"

"இங்க மட்டுமில்ல. கோயில் வாசல்ல ஒண்ணு, ஸ்டோர் வாசல்ல ஒண்ணு, பெரட்டுக்களத்துல ஒண்ணு, புள்ளைக்காம்பரா வாசல்ல ஒண்ணு இருக்கு. போய்ப் பாருங்க."

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். வயதான மனுஷன் ஏதோ சொல்கிறான் என்று நினைத்திருக்கலாம். வளையத்தைப் பிடுங்காமல் அதைச் சுற்றி வெள்ளையடிக்கச் சொன்னேன். எனக்குப் பின்னால் வேலைக்கு வருகிறவரும் இதையேதான் கேட்கப் போகிறார். அப்போது பதில் சொல்ல நான் அங்கே இருக்க மாட்டேன். அதனால் எழுதி வைக்கிறேன்.

நான் டிஸ்பென்சர். வியாதி பார்த்து மருந்து கொடுப்பது, காயத்துக்குக் கட்டுப் போடுவது, நம்மால் முடியாததை டவுன் ஆஸ்பத்திரிக்கு எழுதி அனுப்புவது, இதுதான் வேலை. லயத்து வரிசை வீடுகளில் இருக்கிற தொழிலாளர்களுக்கு நான் 'மருந்து ஐயா'. படித்த காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கொழும்பில் இரண்டு வருஷம் போத்தல்களின் பெயரை மனப்பாடம் செய்தேன், ஒரு பெரிய டாக்டரிடம் தினமும் திட்டு வாங்கினேன், ஒழுங்காகக் கை கழுவக் கற்றுக்கொண்டேன். கடைசி வரைக்கும் உதவியது கை கழுவியதுதான்.

எதையும் ஏன், எதற்கு என்று குடைகிற புத்தி எனக்கு உண்டு. ஊர் வம்பெல்லாம் இவருக்குத்தான் என்று என் மனைவி அலுத்துக்கொள்வாள். தொண்ணூறுகளில் என்னைக் குடைந்த கேள்வி ஒன்று இருந்தது. மனிதர்கள் ஏன் நாயை அது போகக்கூடாத இடத்துக்கெல்லாம் கூட்டிக்கொண்டு போகிறார்கள்? கோயிலுக்குள் வந்து அது கும்பிடப் போவதில்லை. டிஸ்பென்சரிக்கு வந்து நாக்கை நீட்டி எனக்குக் காட்டப் போவதில்லை. ஆனாலும் கூட்டிக்கொண்டு வருகிறார்களே. நாய் கேட்டதா, இவர்களுக்கு வேண்டியிருக்கிறதா?

இந்தக் கேள்விக்கு நான் முதலில் பிடித்த ஆள் சின்னையா. தோட்டத்துத் தபால்காரர். தினமும் காலையில் தபால் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் ஏறி டவுன் தபால் கந்தோருக்குப் போவார், மத்தியானம் திரும்பி வருவார். அவர் கூடவே மணி என்ற செவலை நாயும் போகும், வரும். கட்டையான, வயதான நாய். பஸ்ஸில் சின்னையாவின் காலடியில் படுத்துக்கொள்ளும். தபால் கந்தோரில் வரிசையில் அவருக்குப் பின்னால் உட்காரும். ஒருநாள் புதிதாக வந்த கொண்டக்டர், "பல்லாட்டத் டிக்கட் ஓனே!" என்று சத்தம் போட்டான். நாய்க்கும் டிக்கட் எடுக்க வேண்டுமாம். சின்னையா கொஞ்சமும் அசையாமல் சிங்களத்திலேயே, "சீசன் டிக்கட் தம்பி, காசு கட்டிட்டுத்தான் வருது" என்று சொல்ல, பஸ்ஸே சிரித்தது. அதற்குப் பிறகு, இருக்கை இல்லாவிட்டாலும் அந்தப் பஸ்ஸில் மணிக்கு ஓர் உரிமை வந்துவிட்டது.

"இதை எதுக்கு சின்னையா எங்கயும் கூட்டிக்கிட்டுப் போற?" என்று கேட்டேன்.

"நான் எங்க ஐயா கூட்டிக்கிட்டுப் போறேன்? அதுதான் என்னையக் கூட்டிக்கிட்டுப் போவுது. இல்லாட்டி இந்த வேலைய எப்பவோ விட்டிருப்பேன்."

நல்ல பதில்தான். ஆனால் எனக்கு அது போதவில்லை. ஏனென்றால் தோட்டத்தில் இன்னொரு நாயும் இருந்தது, அதுதான் உண்மையான புதிர். அது தோட்டத்து மேனேஜர் துரையின் நாய். கறுப்பும் பழுப்புமாக, இடுப்புயர அல்சேஷன். பெயர் டியூக்.

அந்தத் துரை கண்டிப் பக்கத்துக்காரர். நாற்பது வயதுக்குக் கொஞ்சம் குறைவு. கல்யாணமாகாதவர். தோட்டத்துத் தமிழை நன்றாகவே பேசுவார். கெட்ட மனிதர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். குரலை உயர்த்த மாட்டார், கெட்ட வார்த்தை வராது. ஆனால் அவரிடம் ஒரு விசித்திரம் இருந்தது. எங்களிடம் சொல்ல வேண்டியதை அவர் நாயிடம்தான் சொல்வார். காலையில் பெரட்டுக்களத்தில், ஆளெல்லாம் கூடி வேலை பிரிக்கிற நேரத்தில், கணக்கப்பிள்ளை தாமதமாக ஓடி வந்தால் துரை அவரைப் பார்க்க மாட்டார். குனிந்து, "டியூக், கணக்கப்பிள்ளைக்கு ராத்திரி தூக்கம் பத்தலை போல" என்பார். கணக்கப்பிள்ளை வியர்த்துப் போவார். நல்லதும் அப்படித்தான். ஒரு தடவை வயிற்றோட்டம் பரவி நான் ஒரு வாரம் வீட்டுக்கே போகாமல் வேலை பார்த்தேன். துரை டிஸ்பென்சரி வாசலில் நின்று, "டியூக், மருந்து ஐயா இல்லாட்டி நாம என்ன செஞ்சிருப்போம்?" என்றார். எனக்குப் பாராட்டு வந்ததா இல்லையா என்று அன்றைக்கு முழுக்க யோசித்தேன்.

டியூக் போகாத இடமில்லை. தேயிலை அரைக்கிற ஸ்டோருக்குள், கொழுந்து வாட்டுகிற தட்டுகளுக்கு நடுவில் நடக்கும். கந்தோரில் துரையின் மேசைக்குக் கீழே படுக்கும். திருவிழாவில் துரைக்கு மாலை போட்டபோது அதற்கும் ஒரு சின்ன மாலை போட்டார்கள். மண்டபத்துக்குள் அதை விட்டது சரியா என்று பூசாரி முகத்தைச் சுளித்தார், வாயைத் திறக்கவில்லை. சிலர் அதை மரியாதையாகவே சொல்வார்கள். "டியூக் வந்துட்டாங்க, தொரையும் வருவாரு" என்று ஒரு கங்காணி சொன்னதை நான் காதால் கேட்டிருக்கிறேன்.

மற்றவர்களை ஏன் சொல்ல வேண்டும். டிஸ்பென்சரிக்குள் அது வந்து, காயம் கழுவுகிற பேசினை முகர்ந்து பார்த்துவிட்டுப் போகும். நான் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பேன். துரை போனபின் பேசினை மறுபடி கொதிக்க வைப்பேன். 'நாயை வெளியில் விட்டுட்டு வாங்க துரை' என்ற ஐந்து வார்த்தை என் வாயில் வரவில்லை. அந்த ஐந்து வார்த்தையைச் சொல்லாததால் ஒரு பிள்ளையின் உயிரே போயிருக்கும்.

ஒரு திங்கட்கிழமை சாயங்காலம், மலையிலிருந்து ஆட்கள் இறங்குகிற நேரம், புஷ்பம் என்ற பெண் தன் நாலு வயது மகள் கவிதாவை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தாள். கூடவே பிள்ளைக்காம்பரா ஆயம்மா ராசம்மாவும் வந்தாள். வேலைக்குப் போகிற பெண்கள் பகலில் பிள்ளைகளை விட்டுப் போகிற இடம்தான் பிள்ளைக்காம்பரா. ராசம்மா பத்து வருஷமாக அதைப் பார்த்துக்கொள்கிறவள். கவிதாவின் கெண்டைக்காலில் காப்பித்தூள் அப்பியிருந்தது.

"நாய் கடிச்சிருச்சுங்க" என்றாள் புஷ்பம்.

"எப்ப?"

"காலையில, பத்து மணிக்குங்க."

எனக்குக் கோபம் வந்தது. "காலையில கடிச்சதுக்கு இப்பவா வாறீங்க?" என்று கத்திவிட்டேன். அதுவரை பிள்ளை அழவில்லை, என் கத்தலைக் கேட்டுத்தான் அழுதது. காப்பித்தூளை எடுத்துவிட்டு, குழாயடியில் பிள்ளையை உட்கார வைத்து, சவர்க்காரம் போட்டுக் கால் மணி நேரம் தண்ணீரை விட்டுக் கழுவினேன். நாய்க்கடிக்கு முதல் மருந்து அதுதான், அதைக் கைக்கடிகாரத்தைப் பார்த்துத்தான் செய்ய வேண்டும். கழுவியபின் காயம் தெரிந்தது. இரண்டு ஆழமான துளை, பக்கத்தில் ஒரு கீறல். தைக்கவில்லை, இறுக்கிக் கட்டவில்லை. நாய்க்கடியைத் தைக்கக் கூடாது.

பிறகு ஆஸ்பத்திரிக்கு எழுதும் தாளை எடுத்தேன். அதில் கேள்விகள் உண்டு. எப்போது, எங்கே, நாய் சீண்டப்பட்டதா, தடுப்பூசி போட்ட நாயா, யாருடைய நாய், கட்டி வைத்துப் பார்க்க முடியுமா?

"யாரு நாய்?"

புஷ்பம் ராசம்மாவைப் பார்த்தாள். ராசம்மா தரையைப் பார்த்தாள்.

"சின்னையா அண்ணனோட மணிங்க" என்றாள் ராசம்மா. "இன்னைக்கு அத டவுனுக்குக் கூட்டிக்கிட்டுப் போகலீங்க. புள்ள வாலை மிதிச்சிருச்சு."

எனக்கு ஆச்சரியமாக இருந்தது. மணி ஈயைக் கூடத் துரத்தாது. ஆனால் சின்னையாவைக் கூப்பிட்டுக் கேட்டபோது அவரே, "ஆமாங்க ஐயா, நம்ம நாய்தான்" என்று சொன்னார். சொந்தக்காரரே ஒத்துக்கொண்டபின் நான் என்ன கேட்பது? எழுதினேன்.

மறுநாள் டவுன் ஆஸ்பத்திரியில் டாக்டர் தாளை வாசித்தார். காலில் கடி, சீண்டியதால் கடித்தது, நாய் சுகமாக இருக்கிறது, கட்டி வைத்துப் பார்க்கலாம். அப்படியென்றால் அந்தக் காலத்து முறைப்படி ஊசி உடனே வேண்டாம். பதினாலு நாள் நாயைப் பார்க்க வேண்டும். அதற்குள் நாய்க்கு ஏதாவது மாற்றம் தெரிந்தால், அந்த நிமிஷமே பிள்ளையைக் கொண்டுவர வேண்டும். புஷ்பத்தின் முகத்தில் உயிர் வந்தது. தொப்புளைச் சுற்றி ஊசி குத்துவார்கள் என்று அவள் ராத்திரி முழுக்க அழுதிருக்கிறாள். அந்த ஊசியெல்லாம் பழைய கதை, இப்போது கையில்தான் போடுகிறார்கள் என்று சொன்னாலும் லயத்தில் யாரும் நம்ப மாட்டார்கள்.

மணியை டிஸ்பென்சரிக்குப் பின்னால் விறகுக் கொட்டிலில் கட்டினேன். ஒரு கொப்பியில் காலையும் மாலையும் குறித்தேன். சாப்பிட்டது, தண்ணீர் குடித்தது, குரைத்தது, வாலை ஆட்டியது. சின்னையா தபால் வேலை முடிந்ததும் வந்து கொட்டில் வாசலில் குந்திக்கொள்வார். நாய் அவரையும் அவர் நாயையும் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். பஸ்ஸில் எல்லோரும் மணியைக் கேட்கிறார்களாம்.

வியாழக்கிழமை நான் மணிக்கு ரொட்டித் துண்டு போட்டேன். அது ரொட்டியைக் கவ்விக்கொண்டு போய்த் தண்ணீர்ச் சட்டியில் போட்டது. ஊறும்வரை காத்திருந்து நக்கித் தின்றது. என்ன இது என்று எனக்கு அரிப்பு எடுத்தது. சின்னையாவைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி அதன் மேலுதட்டைத் தூக்கிப் பார்த்தேன். கோரைப்பல் இரண்டும் இல்லை. எப்போதோ விழுந்து ஈறு மூடியிருந்தது.

"இதுக்குப் பல்லே இல்லையே சின்னையா!"

"வயசாச்சுங்களே" என்றார். சட்டென்று எழுந்து போனார்.

பிள்ளையின் காலில் இருந்தது இரண்டு ஆழமான துளை. இரண்டுக்கும் நடுவில் என் மூன்று விரல் வைக்கலாம். மணியின் வாயே அவ்வளவு அகலமில்லை. அப்படியானால் நான் மூன்று நாளாகப் பார்த்துக் குறித்து வைத்தது கடிக்காத நாயை. கடித்த நாய் எங்கேயோ இருக்கிறது. அதை ஒருவரும் பார்க்கவில்லை. பிள்ளைக்கு ஊசியும் போடவில்லை.

படிக்கிற காலத்தில் நாய்க்கடி வியாதி வந்த ஒருவரைப் பார்த்திருக்கிறேன். தாகத்தில் தவிப்பார், தண்ணீர்க் கோப்பையைக் காட்டினால் தொண்டை இழுத்துக்கொள்ளும். வியாதி வெளியில் தெரிந்தபின் உலகத்தில் மருந்தில்லை. தெரிவதற்கு முன்னால் ஊசி போட வேண்டும், அவ்வளவுதான். டவுனுக்குக் கடைசி பஸ் போய்விட்டது, விடிந்ததும் எந்த நாய் என்று கேட்டு எழுதிவிட வேண்டும் என்று இருந்தேன்.

வெள்ளிக்கிழமை காலையில் தராசைத் தூக்கிக்கொண்டு பிள்ளைகளுக்கு நிறை பார்க்கப் போவதாகப் பிள்ளைக்காம்பராவுக்குப் போனேன். நேரடியாகக் கேட்டால் நேரடியாகப் பொய் வரும் என்று தெரியும். பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்தார்கள். நான் ஒரு பக்கமாக நின்று பார்த்தேன். ஒரு பையன் தடியை ஊன்றிக்கொண்டு, இடுப்பில் கை வைத்து நடந்தான். இன்னொருவன் நாலு காலில் தவழ்ந்து அவன் பின்னால் போனான். தடிக்காரன் வாசலில் நின்று யாரிடமோ பேசுகிற மாதிரி தலையை ஆட்டினான். நாலு காலில் வந்தவன் நேரே கவிதாவிடம் போய் அவளுடைய ரொட்டியைப் பிடுங்கப் பார்த்து, 'வள்' என்று காலைக் கவ்வினான். கவிதா சிரித்துக்கொண்டே கீழே விழுந்தாள். மற்றப் பிள்ளைகள் கை தட்டினார்கள்.

திரும்பினேன். ராசம்மா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கையில் இருந்த பால் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"ராசம்மா, இந்தப் பொய்ய யாரு யோசிச்சது?"

அவள் உட்கார்ந்துவிட்டாள். "யாரும் யோசிக்கலீங்க ஐயா. அதுவா வந்துச்சு. தொரை வாசல்ல கங்காணிகூடப் பேசிக்கிட்டு இருந்தாரு. அது உள்ள வந்துருச்சு. எப்பவும் வர்றதுதானே, நான் எப்புடி வெரட்டுறது? புள்ள கையில ரொட்டி இருந்துச்சு. ஒரு கவ்வு கவ்விட்டு வெளிய போயிருச்சு. தொரைக்கே தெரியாது. புஷ்பத்துக்கு இந்த மாசந்தான் செக்ரோல்ல நிரந்தரமா பேரு பதியப் போறாங்க. தொரை நாயி கடிச்சிருச்சுன்னு போய் நிப்பாளா? நான் உள்ள விட்டேன்னு என் வேலையும் போயிரும். சின்னையா அண்ணன்தான் 'என் நாயி பேரச் சொல்லிக்குங்க, அது ஒண்ணும் கோவிச்சுக்காது'ன்னு சொன்னாரு."

"எந்த நாய்னு எழுதுறோமோ அந்த நாயப் பாத்துத்தான் டாக்டர் ஊசியே போடுறாரு. தெரியுமா?"

"ஊசி எப்புடியும் போடுவாங்கன்னு நெனச்சோமுங்க. தாள்ல ஒரு பேருதானே..."

மூன்று பேரும் கெட்டவர்கள் இல்லை. ஒரு பெண்ணின் வேலையைக் காப்பாற்ற இன்னொரு பெண் பொய் சொன்னாள், ஒரு மனிதர் தன் நாயையே கொடுத்தார். எல்லாம் நல்ல மனசுதான். அந்த நல்ல மனசுதான் பிள்ளையைக் கொல்லப் பார்த்தது. வெளியில் வந்தபோதுதான் எனக்கு இன்னொன்று உறைத்தது. துரை இரண்டு நாளாகத் தனியாக வருகிறார். டியூக்கைக் காணோம்.

துரை பங்களாவின் பின்பக்கம் போய் சமையல்கார அப்புவைக் கேட்டேன். "அது ரெண்டு நாளா சாப்பிடல ஐயா" என்றார். "கராஜுக்குள்ள இருட்டுல படுத்துக் கெடக்கு. சத்தமும் ஒரு மாதிரி கம்மிப்போயி வருது. போன மாசம் காட்டோரத்துல நரிகூடச் சண்டை போட்டுட்டு வந்துச்சே, அந்தப் புண்ணு உள்ளுக்குள்ள பழுத்திருக்குமோ?"

நரிக்கும் நாய்க்கடி வியாதி, அதாவது விசர், வரும்; சண்டையில் அது டியூக்குக்குத் தொற்றியிருக்கும். எங்களைப் போன்றவர்கள் பங்களாவின் முன்வாசலால் போவதில்லை. அன்றைக்கு நான் முன்வாசலால் போனேன். துரை விறாந்தையில் கந்தோர்த் தாள்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். பெயர்களைச் சொல்லும்போது மட்டும், "இதுல யாரோட வேலைக்கும் ஒண்ணும் ஆகக் கூடாதுங்க துரை" என்றேன்.

அவருடைய வலது கை, உட்கார்ந்திருந்த கதிரைக்குப் பக்கத்தில் கீழே இறங்கி, காற்றில் எதையோ தேடியது. அங்கே நாய் இல்லை. கை அப்படியே நின்றது. அவருடன் நான் வேலை பார்த்த இத்தனை வருஷத்தில் அன்றைக்குத்தான் அவர் என் கண்ணைப் பார்த்தார்.

"ஏன் ஒருத்தரும் எங்கிட்ட சொல்லலை?"

"நானும்தாங்க சொல்லலை. டிஸ்பென்சரிக்குள்ள டியூக் வர்றப்ப எல்லாம் சிரிச்சுக்கிட்டு நின்னேன்."

"தடுப்பூசி குட்டியில போட்டது. அதுக்கப்புறம்..." என்றபடி கராஜ் சாவியை எடுத்தார்.

பிறகு நடந்தது மிக வேகம். கராஜ் கதவை வெளியில் பூட்டினார். நான் கிட்டப் போக வேண்டாம் என்று சொல்லச் சொல்ல, கதவு இடுக்கில் ஒருதரம் "டியூக்" என்று கூப்பிட்டார். உள்ளேயிருந்து வந்த சத்தம் குரைப்பு இல்லை. ஜீப்பை அவரே ஓட்டினார். மலையிலிருந்து புஷ்பத்தைக் கூடையோடு ஏற்றி, பிள்ளைக்காம்பராவில் கவிதாவை ஏற்றி, என்னையும் ஏற்றிக்கொண்டு நேரே இரத்தினபுரி பெரிய ஆஸ்பத்திரி; சீரம் அங்கேதான் உண்டு. வழியெல்லாம் புஷ்பம் அழுதாள். அன்றைக்கே பிள்ளைக்குக் காயத்தைச் சுற்றி சீரம் ஊசியும், கையில் முதல் தடுப்பூசியும் போட்டார்கள். அந்த டாக்டர் நான் எழுதிய பழைய தாளையும் புதிய தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, என்னை ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை என்று இருந்தது.

டியூக் ஞாயிற்றுக்கிழமை செத்தது. மிருக வைத்தியர் வந்து தலையை எடுத்து, ஐஸ் நிரப்பிய பெட்டியில் வைத்து, கொழும்புக்குச் சோதனைக்கு அனுப்பினார். பதில் வந்தது. விசர்தான்.

அதற்குப் பிறகு டியூக் நக்கின, தொட்ட எல்லோரையும் ஊசிக்குக் கூப்பிட வேண்டியிருந்தது. பட்டியல் எழுத உட்கார்ந்தபோதுதான் ஒரு நாய் எத்தனை இடத்துக்குப் போயிருக்கிறது என்று புரிந்தது. பிள்ளைக்காம்பராப் பிள்ளைகள், ராசம்மா, அப்பு, கந்தோர் கிளார்க், ஸ்டோரில் இரண்டு பேர், மாலை போட்ட கங்காணி, நான். முதல் பெயராகத் துரை தன் பெயரை அவர் கையாலேயே எழுதினார். மணியைப் பதினாலு நாளும் கட்டியே வைத்திருந்தேன், அது டியூக்கோடு பழகியிருக்கலாம் என்று. அதற்கும் தடுப்பூசி போட்டு ஒரு காகிதத் துண்டு கொடுத்தார்கள். சின்னையா அந்தத் துண்டைக் கொண்டக்டரிடம் காட்டி, இதுதான் மணியின் சீசன் டிக்கட் என்று சொல்லித் திரிந்தாராம்.

ஒரு மாதம், குறித்த நாட்களில் தோட்டத்து லொறியில் டவுன் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தோம். துரை ஜீப்பில் முன்னால் போய்விடுவார், ஆனால் ஊசிக்கு எங்களோடு அதே வாங்குப் பலகையில்தான் உட்கார்ந்திருப்பார். யாரும் அவர் பக்கத்தில் உட்கார மாட்டார்கள். இரண்டு பேர் அகலத்துக்கு இடம் விட்டு நெருக்கியடித்து உட்காருவார்கள். கடைசி ஊசி நாளன்று கவிதா அந்த வெற்றிடத்தைப் பார்த்துவிட்டு, தாயின் மடியிலிருந்து இறங்கிப் போய் அங்கே ஏறி உட்கார்ந்துகொண்டாள். புஷ்பம் "ஏய், வா இங்க" என்று பதறினாள். பிள்ளை கவனிக்கவில்லை.

"நாயி எங்க?" என்று துரையைக் கேட்டாள்.

"செத்துப்போச்சு."

"அத எதுக்கு உள்ள கூட்டியாந்தீங்க?"

நான் பல வருஷமாக என்னையே கேட்டுக்கொண்டிருந்த கேள்வி. தோட்டத்தில் ஒருவரும் அவரிடம் கேட்காத கேள்வி. துரை தன் மேற்கையில் ஒட்டியிருந்த பஞ்சை அழுத்திக்கொண்டு பிள்ளையின் பக்கம் திரும்பினார். பிள்ளையிடம் ஏதாவது சொல்லித் தட்டிக்கழித்திருக்கலாம்.

"பயம்" என்றார். "நான் தனியா வந்தா எல்லாரும் என்னையவே பாப்பாங்க. நாய் கூட வந்தா நாயைப் பாப்பாங்க."

கவிதா அதைச் சரி என்று ஏற்றுக்கொண்ட மாதிரி தலையை ஆட்டினாள். நாங்கள் அவருக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டிருந்தோம். அவர் எங்களுக்குப் பயந்து நாயைக் கூட்டிக்கொண்டு வந்தார். இடையில் இந்தப் பிள்ளை மாட்டிக்கொண்டது.

அடுத்த வாரம் ஸ்டோரில் மெஷின் பார்க்கிற பிட்டரை வைத்து, நாயை வெளியில் கட்டிவிட்டு உள்ளே வருவதற்காக துரை வாசலெல்லாம் இந்த வளையங்களைப் பதிப்பித்தார். அவர் பிறகு நாய் வளர்க்கவில்லை. வளையங்கள் சின்னையாவைப் போன்றவர்களுக்குத்தான் உதவின. புஷ்பத்தின் பெயர் சொன்னபடி அந்த மாதமே பதியப்பட்டது. ராசம்மாவின் வேலைக்கும் ஒன்றும் ஆகவில்லை.

வளையம் பதித்த சில நாட்களில், பிள்ளைகளுக்கு ஊசி போட்ட கையைப் பார்ப்பதற்காக நான் மத்தியானம் பிள்ளைக்காம்பராவுக்குள் இருந்தேன். துரை தனியாக வந்தார். எப்போதும் நேரே உள்ளே நடந்து வருகிறவர், அன்றைக்குப் படிக்குக் கீழேயே நின்றார். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் பின்னால் கட்டிக்கொண்டார்.

"ஆயம்மா, உள்ள வரலாமா?"

ராசம்மா திகைத்துப் போய் என்னைப் பார்த்தாள். நான் வேண்டுமென்றே வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். அவள் பாய்களில் வரிசையாகத் தூங்குகிற பிள்ளைகளைப் பார்த்தாள், சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள், பிறகு வாசலுக்குப் போனாள்.

"புள்ளைங்க இப்பத்தான் கண்ணசந்துச்சுங்க தொரை" என்றாள். "கொஞ்சம் வெளிய நில்லுங்க."

துரை நின்றார். அந்த வளையத்துக்குப் பக்கத்தில், வெயிலில், பிள்ளைகள் எழும்பும்வரை நின்றார்.